ஏழு மூணு ஒம்பது மூணு

ரசஞ்சாதத்தை விரல் நுனியால் மசித்துக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அது மறுபடியும் ஆரம்பித்தது. ஏழு. ஒரு மூச்சு. ஏழு மூணு. ஒரு மூச்சு. ஏழு மூணு ஒம்பது. அகிலாண்டத்தின் கை கிண்ணத்துக்குள் அப்படியே நின்றது. வந்துட்டா மகாராணி, என்று நினைத்தாள், கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துடக் கூடாதே. சக்களத்தி என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அந்த எண்ணுக்கு மகாராணி என்று மனசுக்குள் பேர் வைத்திருந்தாள், இன்று நேற்றல்ல, கல்யாணமான புதிதிலிருந்து. ஏழு மூணு ஒம்பது மூணு. சோற்றை மறுபடி மசித்தாள், அழுத்தி, பழிவாங்குவது போல. ஒரு பருக்கைகூட முழுசாக இருக்கக் கூடாது, பாதித் தொண்டை செத்துப்போனவருக்கு ஒரு பருக்கை போதும், அது வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நெஞ்சில் சளி கட்டி மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அந்தப் பச்சைத் திரை, மறுபடியும் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பிடும்போது பேச விடாதீங்கம்மா என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பேச்சா? இதற்குப் பேர் பேச்சா? ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பேப்பர் நழுவி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலது கையும் காலும் துணி மாதிரித் தொங்கிப்போன நாளிலிருந்து அவள் புருஷன் ஜம்புநாதன் வாயில் ஒரு வார்த்தை கிடையாது. தண்ணி என்று சொல்லத் தெரியாது. வலிக்குது என்று சொல்லத் தெரியாது. கயல் என்று பெற்ற பெண்ணின் பேரைச் சொல்லத் தெரியாது. அகிலா என்று, அதை விடு. ஆனால் இது மட்டும் ஒரு இலக்கம் பிசகாமல் வருகிறது. ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது. நாற்பது வருஷம் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்த அதே ராகம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சின்ன நிறுத்தம், கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பது போல.

கரண்டியைத் தேடினாள். மேடையில் இல்லை, அலமாரியில் இல்லை, கடைசியில் கழுவப் போட்ட பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது, அதை எடுக்கப்போய் ஒரு டம்ளர் உருண்டு விழுந்து அந்தச் சத்தத்திலும் எரிச்சல் வந்தது. இந்த வீட்டில் சத்தம் போட உரிமை உள்ளவை பாத்திரங்கள் மட்டும்தான். அவள் போடக் கூடாது. பேச்சுப் பயிற்சிக்கு ஸ்கூட்டியில் வந்து போகிற ஷர்மிளா என்ற பெண், கயலைவிடச் சின்னவள், முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மெதுவாப் பேசுங்கம்மா. சிரிச்ச முகமா இருங்க. உங்க கோபம் அவருக்குத் தெரியக் கூடாது." நல்ல பெண்தான். நல்ல பெண் என்பதால்தான் இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கு அந்தப் பெண் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள், இது பூனையா சார், ஆமாம் என்று தலையாட்டினார், இது செருப்பா சார், அதற்கும் தலையாட்டினார், பூனையைக் காட்டி இது செருப்பா சார் என்றாள், அதற்கும் ஆட்டினார். எதற்கும் ஆட்டுகிற தலை. பிறகு அந்தப் பெண் அகிலாண்டத்தைக் கையைப் பிடித்து இழுத்து அவர் எதிரே நிறுத்தி, "இவங்க யாரு சார்? சொல்லுங்க பார்ப்போம்," என்றாள். அவர் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். உதடு நடுங்கியது. அகிலாண்டம் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள், இந்த வயதில், ஏதோ போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. ஏழு, என்றார் அவர். ஏழு மூணு. ஷர்மிளா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "மனப்பாடமாப் பதிஞ்சதெல்லாம் வேற இடத்துல இருக்கும்மா. சிலருக்கு சாமி பாட்டு மட்டும் வரும். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வரும். சாருக்கு நம்பர் வருது. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது, மனசுல வச்சுக்காதீங்க." கெட்ட வார்த்தை வந்திருக்கலாமே என்று அவள் அப்போதே நினைத்தாள். கெட்ட வார்த்தையாவது எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை, அது மறதியா வேண்டுமென்றேயா என்று அவளுக்கே தெரியாது, அந்தப் பெண்ணும் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

அர்த்தம் கிடையாதாம். யாரிடம் சொல்கிறாள். அந்த எண்ணின் அர்த்தம் முழுக்கத் தெரிந்த ஒரே துரதிர்ஷ்டக்காரி அவள்தான். கல்யாணத்துக்குக் கட்டின மஞ்சள் கயிறு இன்னும் சாயம் போகாத நாளில், காவிரிப் பாலத்தில், ஸ்ரீரங்கத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, கீழே புதுத்தண்ணி செம்மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது, காற்று அவள் புடவையைப் பிடித்து அவர் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தது, அவர் திடீரென்று நின்று, "ஒரு நம்பர் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கறியா?" என்றார். அவளுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. அவள் யார்? வெளியூர் டெலிபோனுக்கு இணைப்புக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, கும்பகோணத்து அரிசி மண்டி, காரைக்குடி டாக்டர், பாளையங்கோட்டை பாதிரியார் என்று எத்தனை பேர் நம்பர் அவள் தலைக்குள். சொல்லுங்க என்றாள். ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது ஒண்ணு மூணு மூணு. எட்டு இலக்கம். அந்தக் காலத்தில் எந்த ஊர் டெலிபோனுக்கும் எட்டு இலக்கம் கிடையாது, ஊர்க் கோட் நம்பரையும் சேர்த்துச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "எந்த ஊரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மனுஷர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு சொன்னார். அது எந்த ஊரும் இல்லையாம். அது ஒரு பகா எண்ணாம், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதமில்லாமல் வகுபடாதாம். அது மட்டுமென்றால் அதைப் போல எத்தனையோ இருக்கிறதாம். இதன் வாலில் இருக்கிற மூணை வெட்டிப் போடு, மிச்சமும் பகா எண். அதன் வாலை வெட்டு, அதுவும் பகா எண். வெட்டிக்கொண்டே போ, கடைசியில் எழுபத்து மூணு வரும், அதுவும் உடையாது, அதிலும் மூணை வெட்டினால் ஏழு, ஏழும் உடையாது. "இந்த மாதிரி வால் வெட்ட வெட்ட உடையாத எண்ணுங்கள்ல இதுதான் ஆகப் பெரிசு அகிலா. இதுக்கு மேல உலகத்துலயே ஒண்ணு கிடையாது." காசு கிடைத்த குழந்தை மாதிரி முகம். எம்.எஸ்ஸி. படிக்கும்போது இரண்டு கோடை விடுமுறையில், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், கையாலேயே வகுத்து வகுத்துத் தானாகக் கண்டுபிடித்ததாம், அந்தக் கடைசி எண்ணுக்கு மட்டும் எட்டாயிரத்து அறுநூறு வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாராம், ஆயிரத்துச் சொச்சம் தடவை. பிற்பாடு யாரோ முன்னமே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோதுகூட வருத்தமே இல்லையாம், "அதனால என்ன, அது அங்கதானே இருக்கு," என்றார். அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. இதைத்தான் அவளால் இப்போதும் தாங்க முடியவில்லை. பிடித்திருந்தது, பாலத்தில் காற்றில் நின்றுகொண்டிருந்த அந்த ஒல்லி மனுஷரை அவளுக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் பிடித்தது.

ஆனால் அவர் அதை ஊர் பூரா சொன்னார். அதுதான். நண்பர்கள் சாப்பிட வந்தால் சொன்னார், கல்லூரி ஆண்டு விழாவில் மைக்கில் சொன்னார், கயலின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார், "கணித உலகத்தின் அதிசயத்தைச் சொல்றேன், இவ எந்த ஊருன்னு கேக்கறா!" எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் தட்டில் பாயசம் விட்டுக்கொண்டே சிரிப்பாள், சிரிக்காமல் எப்படி. ஒருவர்கூட, அந்த நாற்பது வருஷத்தில் ஒருவர்கூட, அது நியாயமான கேள்விதானே என்று சொன்னதில்லை. அவளுக்கு நம்பர் என்றால் மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும். வயரைச் செருகினால் யாராவது ஹலோ சொல்ல வேண்டும். நடுங்குகிற குரல், சீக்கிரம் போடும்மா அம்மாவுக்கு முடியலை என்கிற குரல், பையன் பிறந்திருக்கான் என்று கத்துகிற குரல், இதையெல்லாம் நாள் முழுக்கக் காதில் வாங்கி வாங்கி அவளுக்கு நம்பர் என்றாலே ஒரு ஊரும் ஒரு வீடும் எடுக்கிற ஒரு கையும்தான். இவர் நம்பரில் யார் இருக்கிறார்கள்? அந்த முனையில் எவன் எடுக்கிறான்? ஒருத்தனும் இல்லை. அதைத்தானே கேட்டாள். எந்த ஊரு. இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள், நீங்க இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க, அந்தத் தலைக்குள்ள எந்த ஊர்ல இருந்துக்கிட்டு இந்த நம்பரைச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க, அங்க நான் வர வழி இருக்கா இல்லையா.

கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அறையில் டெட்டால் வாசனையும் தைல வாசனையும் அதற்கு அடியில் வேறொன்றும். தலைப்பக்கம் உயர்த்தக் கூடிய கட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், அதில் தலையணைகளுக்கு நடுவே ஜம்புநாதன் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்து நாலு நாளான முகத்தில் வெள்ளை முள். இடது கை போர்வைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது ஒண்ணு. வலது கை தலையணைமேல், வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. "போதும், நிறுத்துங்க. சாப்பாடு," என்றாள், சிரித்த முகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. கழுத்தில் துண்டைக் கட்டினாள். போன வாரம் கட்டிலுக்கு எதிரே இருக்கிற நாற்காலியில்தான் அருள்மணி உட்கார்ந்திருந்தார், அவரோடு வேலை பார்த்த பேராசிரியர், ஆப்பிள் பையோடு வந்தவர். மகாராணி ஆரம்பித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மொபைலை எடுத்துப் படம் பிடித்தார், அனுமதி கேட்காமல், வாயோரம் எச்சில் வழிகிற மனுஷரை, கலைந்த வேட்டியோடு. அதைக் கல்லூரிக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார், மறுநாள் பார்த்தால் கும்பிடுகிற கை, அழுகிற முகம், மேதை, பிறவிக் கணித மேதை. கயல்கூடப் புனேயிலிருந்து போன் பண்ணி, "அம்மா, அதாவது அப்பாகிட்ட மிச்சம் இருக்கேன்னு சந்தோஷப்படேன்," என்றாள். சந்தோஷப்படணுமாம். போகும்போது அருள்மணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சார் அந்த எண் மாதிரியேதாம்மா. எவ்வளவு வெட்டினாலும் மிச்சம் முழுசா நிக்குது பாருங்க." கையிலிருந்த டம்ளரை அந்த வழுக்கைத் தலையில் எறியாமல் வைத்துக்கொண்டதற்கு அவளுக்கு யாராவது மாலை போட வேண்டும். வால் பக்கம் வெட்டினால்தானே சார் உடையாது, என்று அவர் லிஃப்டில் இறங்கிப் போன பிறகு மூடின கதவிடம் சொன்னாள். தலைப்பக்கமிருந்து வெட்டிப் பாருங்க. ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டு வந்தா நடுவுல நூத்தி முப்பத்து மூணு வரும். ஏழு பத்தொன்பது நூத்தி முப்பத்து மூணு. உடைஞ்சு போச்சா? இவருக்கு அடி விழுந்தது தலையில சார். இத்தனை வருஷம் மகாராணியோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணினவளுக்கு அவளுடைய ஊனமும் தெரியும்.

முதல் வாய். கரண்டியை இடது பக்கமாகக் கொண்டுபோய், நல்ல கன்னத்தில், மெதுவாக. அவர் மென்றார். மெல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் மென்றார். விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தத் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கினால்தான் இவள் மூச்சு விடுவது. இறங்கியது. இரண்டாவது வாய். வெளியே கீரைக்காரியின் குரல் மூன்று மாடி ஏறி வந்தது. இப்படியே எத்தனை நாள் என்ற பயம் எப்போதும் போலக் கிளம்பியது, அது வந்தால் பின்னாலேயே மற்றதும் வரும், வரக் கூடாது என்று நினைத்தாலும் வரும், அந்தப் பிரசவ வார்டு. கயலுக்குப் பிறகு ஐந்து வருஷம் கழித்து உண்டானது, ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அசைவு நின்றது. பையன். கண்ணில்கூடக் காட்டவில்லை, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், அவள் பார்த்தது அந்தத் துணியில் இருந்த நீலக் கோட்டைத்தான். சாயங்காலம் இவர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் காத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தாள் என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை, அவர் அழுவார் என்று, அவர் முதலில் அழுதால் தானும் அழலாம் என்று. பக்கத்துக் கட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கல் மாதிரி இருந்துவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிலதுக்கு மேல ஒண்ணைச் சேர்க்க முடியாது அகிலா. எதைச் சேர்த்தாலும் உடைஞ்சுடும்." அவளுக்கு உடனே புரிந்தது. மகாராணி. எட்டு இலக்கத்துக்குப் பின்னால் ஒன்பதாவதாக எதைப் போட்டாலும், ஒண்ணு போட்டாலும் மூணு போட்டாலும் ஏழு போட்டாலும் ஒம்பது போட்டாலும், அது பகா எண்ணாக நிற்காது, அதனால்தான் அது ஆகப் பெரிசு. இங்கேயும் அவளா. வயிறு காலியாகி ரத்தம் இன்னும் நிற்காத இடத்தில் வந்து உட்கார்ந்து மனுஷர் கணக்குச் சொல்கிறார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றிலிருந்து இன்றுவரை. சமையல் நடந்தது, வேலைக்குப் போனாள், கயலைப் படிக்க வைத்தார்கள், கட்டிக்கொடுத்தார்கள், டூர் போனார்கள், எல்லாம் நடந்தது. அந்தச் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. என்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தாள். ரிட்டயர் ஆகட்டும் என்று இருந்தாள். ஆனபிறகு, பார்க்கலாம் என்று இருந்தாள். இப்போது கேட்கலாம், எதற்கும் தலையாட்டுவார்.

மூன்றாவது வாய் சோறு உள்ளே இருக்கும்போதே அவர் ஆரம்பித்தார். ஏழு. பருக்கை உதட்டோரம் வழிந்தது. "பேசாதீங்க. முழுங்குங்க." ஏழு மூணு. "சொல்றேன்ல, முழுங்குங்க முதல்ல." ஏழு மூணு ஒம்பது என்றபோது புரை ஏறியது, இருமினார், முகம் சிவந்து கண் பிதுங்கியது, அவள் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினாள், தட்டினாள், கடவுளே, தட்டினாள், அந்த எலும்பு முதுகு அவள் உள்ளங்கையில் இடித்தது, இருமல் மெல்ல அடங்கியது, மூச்சு வந்தது, அவரைத் திரும்பத் தலையணையில் சாய்த்துத் துண்டால் வாயைத் துடைத்தாள், துடைத்து முடிக்கக்கூட இல்லை, அந்தத் துண்டுக்குள்ளிருந்தே வந்தது. ஏழு. ஏழு மூணு. அப்போது அவளுக்குள் ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு போயிற்று. சிரித்த முகம், மெதுவான குரல், ஷர்மிளா, டாக்டர், எல்லாம் போயிற்று.

"ஏழு மூணு ஒம்பது மூணு எட்டு!" என்று கத்தினாள், அவர் முகத்துக்கு நேராக, அவருடைய அதே ராகத்தில், பழிப்புக் காட்டுகிற சின்னப்பெண் மாதிரி. "ஏழு மூணு ஒம்பது மூணு எட்டு! போதுமா? எட்டு எட்டு எட்டு!"

தாளம் நின்றது. அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. இந்த இரண்டு மாதமாக அந்தக் கண் எதன்மேலும் நின்றதில்லை, எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போகும். இப்போது நின்றது. புருவம் சுருங்கியது, ஒரு பக்கம் மட்டும். இடது கை எழுந்து கிண்ணத்தில் ஓங்கி அடித்தது, கிண்ணம் பறந்து சுவரில் மோதி ரசஞ்சாதம் முழுக்கத் தரையில்.

"இல்ல!" என்றார் ஜம்புநாதன்.

கரகரத்த, உடைந்த, ஆனால் தெளிவான குரல். காதில் விழுந்ததுதானா. எண் இல்லை. மனப்பாடம் இல்லை. அவள் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்.

"என்ன சொன்னீங்க?"

அவர் மூச்சு வாங்கினார்.

"ஏழு மூணு ஒம்பது மூணு எட்டு," என்றாள் மறுபடி, இந்தத் தடவை மெல்ல, பாம்பைத் தொட்டுப் பார்ப்பது போல.

"இல்ல!"

"எட்டுதான்."

"இல்ல! இல்ல!" கண்ணில் நெருப்பு. இந்தக் கோபம் அவளுக்குத் தெரியும். எட்டில் முடிகிறது எப்படிப் பகா எண்ணாகும், அது இரட்டைப்படை, சின்னக் குழந்தைக்குத் தெரியுமே என்கிற வாத்தியார் கோபம், கயலுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது வீடு முழுக்கக் கேட்ட கோபம். அருள்மணி உட்கார்ந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒட்டிக்கொண்ட வார்த்தையாக இருக்கலாம், இனி இந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பாரோ என்னவோ, ஆசைப்படாதே, ஆசைப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"உங்க பேரு அருள்மணியா?"

"இல்ல." அருவருப்போடு.

"நான் யாரு? ஷர்மிளாவா?"

"இல்ல."

அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டாள். "அகிலாண்டமா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். இல்ல என்று சொல்லவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இதைப் போய் ஏன் கேட்கிறாய் என்பது போல. அழுகை வரும் என்று அகிலாண்டம் நினைத்தாள், வந்தது அது இல்லை, திகுதிகுவென்று கோபம். அப்படியானால் எல்லாம் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷர்.

"அப்ப நான் யாருன்னு தெரியும். இத்தனை நாளும் தெரியும். தெரிஞ்சுதான் என் மூஞ்சியப் பார்த்து ஏழு மூணு, ஏழு மூணுன்னு சொன்னீங்களா?"

"இல்ல…"

"என்ன இல்ல? எந்த ஊருன்னு கேட்டேன்னு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சீங்களே, சம்பந்தி முன்னாடி சிரிச்சீங்களே, அது வேடிக்கையா? எனக்கு வலிக்காதா?"

"இல்ல."

"வலிக்காதுங்கறீங்களா? வேடிக்கை இல்லைங்கறீங்களா?" கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது, ஒரே ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனுஷரிடம் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எப்படி. எழுந்து நின்றாள், காலடியில் சோறு வழுக்கியது. குரல் ஏறிக்கொண்டே போனது, அவள் அடக்கவில்லை. "ஆஸ்பத்திரியில வந்து உக்காந்து, சிலதுக்கு மேல ஒண்ணைச் சேர்க்க முடியாதுன்னு சொன்னீங்களே. பிள்ளையைப் பறிகொடுத்துட்டுப் படுத்திருந்தவகிட்ட. அது ஆறுதலா?"

அவர் முகம் மாறியது. இழுத்துக்கொண்ட பக்கமும் நல்ல பக்கமும் சேர்ந்து மாறியது. "இல்ல," என்றார், மெதுவாக.

"உங்களுக்கு அழணும்னு தோணலையா அன்னிக்கு?"

"இல்ல. இல்ல. இல்ல." இடது கை காற்றில் எதையோ விலக்கியது.

மறுபடியும் தப்பாகக் கேட்டாள். தோணலை என்கிறாரா, அப்படி இல்லை என்கிறாரா. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது, டிரங்க் கால் இரைச்சலில் எத்தனை பேரின் பாதி வார்த்தைகளை முழுசாக்கி அந்தப் பக்கம் சேர்த்தவள், இதைச் சேர்க்கத் தெரியவில்லையா. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வி. நேரான கேள்வி.

"கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. உங்க மனசும் அன்னிக்குக் கல்லாத்தான் இருந்ததா?"

"இல்ல!" என்று கத்தினார் அவர். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து ஒரு பக்கம் மட்டும் வழிந்தது. "இல்ல! இல்ல!"

"அப்ப ஏன் சொல்லலை?" இவளும் கத்தினாள், அழுதுகொண்டே கத்தினாள், "வாய் நல்லா இருந்தப்ப ஏன் சொல்லலை? நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு எத்தனை வருஷம் படுத்திருந்தேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பாழாப்போன நம்பரை விட்டா உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

இதற்கு இல்ல என்றும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவர் இடது கையால் அவள் புடவை முந்தானையைப் பிடித்தார், இழுத்தார், பலமாகவே இழுத்தார். "விடுங்க," என்றாள். "இல்ல," என்றார். "விடுங்கன்னா." "இல்ல!" இருவரும் மாறி மாறி, ஒருவர் மேல் ஒருவர் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது, விட்டு விட்டு அடித்தது, பிறகு கதவையே யாரோ தட்டினார்கள்.

முந்தானையை உருவிக்கொண்டு போய்த் திறந்தாள். எதிர் வீட்டு மெஹருன்னிசா, தலையில் அவசரமாக இழுத்துப் போட்ட துப்பட்டாவோடு, பின்னால் அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

"என்னக்கா ஆச்சு? சத்தம் கேட்டுச்சு… சாருக்கு ஒண்ணும் இல்லையே? எங்க வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லட்டுமா, ஆஸ்பத்திரிக்கு?"

அகிலாண்டம் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கையெல்லாம் சோறு, தலைமுடி அவிழ்ந்து தொங்கியது, காலில் ரசம்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்."

மெஹருன்னிசா அவளையும் உள்ளே திறந்திருந்த அறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டையா? யாரு அக்கா?"

"நானும் அவரும்தான். வேற யாரு." உள்ளேயிருந்து அந்தக் கரகரத்த குரல் மறுபடி வந்தது. "வரேன், இருங்க!" என்று அவள் தலையைத் திருப்பி அதட்டினாள், பிறகு மெஹருன்னிசாவிடம், "இன்னும் முடியலை. அப்புறமா வரேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.